பாலத்தைத் தாண்ட வேண்டிய கார்

ஜெலுத்தோங்கில் உள்ள எங்கள் பட்டறைக்கு இழுவை லாரியில் வந்து இறங்குகிற கார்களில் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காதவை பழைய சொகுசுக் கார்கள். புதிதாக இருக்கும்போது பணக்காரர்கள் வைத்து அனுபவித்துவிட்டு, கோளாறு தொடங்குகிற வயதில் நம்மாட்கள் தலையில் கட்டிவிடுவார்கள். வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்வது என்பார்களே, அதுதான். இந்தக் கார்களில் சக்கரத்துக்கு மேலே இரும்பு ஸ்பிரிங் கிடையாது. நான்கு மூலைகளிலும் ரப்பர் காற்றுப்பைகள் இருக்கும். ஒரு சிறிய பம்பு அவற்றில் காற்றை அடைக்கும். எந்தப் பைக்கு எவ்வளவு காற்று என்பதை ஒரு மின்பெட்டி முடிவு செய்யும். எல்லாம் ஒழுங்காக இருக்கும்வரை மெத்தையில் உட்கார்ந்து போவது மாதிரி இருக்கும். ஒன்று கெட்டால் போதும், நோயில் விழுந்த மாடு மாதிரி ஒரு பக்கமாகப் படுத்துவிடும்.

பட்டறையில் அண்ணன் என்ஜின் பார்ப்பார். ஒயரிங் என் வேலை. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் சர்க்யூட் பலகைகளைச் சோதிக்கும் பிரிவில் பல வருடங்கள் இருந்தேன். ஆட்குறைப்பு வந்தபோது வெளியே வந்து அண்ணனோடு சேர்ந்துகொண்டேன். முதலில் வாடிக்கையாளர்கள் ஒரு பெண் நிற்பதைப் பார்த்துவிட்டு, "போமன் எங்கே?" என்று கேட்பார்கள். போமன் என்றால் எங்கள் ஊரில் மெக்கானிக். நான்தான் என்று சொன்னால் அண்ணனைத் தேடுவார்கள். இப்போது தேடுவதில்லை. என் வாய்க்குப் பயந்து என்று அண்ணன் சொல்வார். இருக்கலாம். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல்தான் இருக்கிறது, அதை நான் மறைத்ததும் இல்லை.

அந்தக் கார் வந்த காலையிலும் நான் எரிச்சலில்தான் இருந்தேன். கறுப்பு ஜெர்மன் கார், பின்பக்கம் இடது மூலை தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. லாரியின் முன்னிருக்கையிலிருந்து ஒரு பெண் இறங்கினார். அறுபதை நெருங்குகிற வயது, நெற்றியில் திருநீறு, தோளில் துணிப்பை. கடலுக்கு அக்கரையில் உள்ள செபராங் ஜெயாவிலிருந்து பாலத்தைக் கடந்து அந்த லாரியிலேயே வந்திருக்கிறார். காரைத் தனியாக அனுப்ப மனசு வரவில்லை என்றார்.

அவருடைய கணவர் அந்தக் காரைத் தனக்கென்று வாங்கவில்லை. கல்யாணங்களுக்கு வாடகைக்கு ஓட்ட வாங்கியது. மாப்பிள்ளையையும் பெண்ணையும் பின்னால் உட்காரவைத்து, கோயிலிலிருந்து மண்டபத்துக்கும் மண்டபத்திலிருந்து வீட்டுக்கும் ஓட்டிக்கொண்டிருந்தவர். இப்போது அவருக்குப் புற்றுநோய். முதுகெலும்புக்கே பரவிவிட்டது. வாராவாரம் செவ்வாய்க்கிழமை எங்கள் தீவில் உள்ள ஆஸ்பத்திரிக்கு வந்து போக வேண்டும். வாடகை ஓட்டமெல்லாம் நின்றுவிட்டது. அவரைப் பின்னிருக்கையில் தலையணைகளோடு படுக்கவைத்து, மனைவிதான் ஓட்டிக்கொண்டு வருகிறார்.

அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு இது வேண்டாம் என்றார். ஏற்கெனவே இரண்டு பட்டறைகள் பார்த்துவிட்டன. ஒருவர் பம்பை மாற்றியிருக்கிறார், இன்னொருவர் இடது பின்பையை மாற்றியிருக்கிறார். கொஞ்ச நாள் நிற்கும், மறுபடி படுக்கும். மூன்றாவதாக நாம் எதற்கு மாட்டிக்கொள்ள வேண்டும் என்பது அவர் கட்சி. நியாயமான பேச்சுதான். நானும் திருப்பி அனுப்புகிற முடிவோடுதான் அந்த அக்காவிடம் போனேன். வேறு சின்ன கார் எதிலாவது அவரை அழைத்துப் போகக்கூடாதா என்று கேட்டேன்.

"போன செவ்வாக்கெழம அவரு தம்பி காடியில ஏத்திட்டு வந்தோம் தங்கச்சி. பாலத்துல ஜாயின்ட் இருக்குல்ல, தக்கு தக்குன்னு. ஒவ்வொரு தக்குக்கும் கத்துறாரு. கல்யாணம் ஆனதுலேர்ந்து அவரு கத்தி நான் கேட்டதே இல்ல. பாதிப் பாலத்துல எறக்கி விட்டுரு, நடந்து போறேன்னு அழுவுறாரு. அவரால நிக்கவே முடியாது. இந்தக் காடி ஒண்ணுலதான் அவரால தாஹான் பண்ண முடியுது."

காடி என்றால் கார், தாஹான் என்றால் தாங்குவது. அந்த மலாய்ச் சொல்லை நாங்கள் எத்தனையோ தடவை சும்மா சொல்லுவோம். வெயில் தாஹான் ஆகவில்லை, பசி தாஹான் ஆகவில்லை என்று. அவர் சொன்னது அந்த மாதிரி இல்லை. அந்தப் பாலத்தின் இணைப்புகள் எல்லோருக்கும் தெரியும். நாம் பேசிக்கொண்டே போகிறபோது காதில்கூட விழாது. சாவியை வாங்கிக்கொண்டேன். அண்ணன் தன் வேலைக்குப் போய்விட்டார்.

காற்று இறங்குகிறது என்றால் எல்லோரும் முதலில் செய்வதையே நானும் செய்தேன். பைகள், குழாய்கள், வால்வுகள் எல்லாவற்றின் மேலும் சவுக்காரத் தண்ணீரை அடித்துப் பார்த்தேன். ஓட்டை இருந்தால் நுரை கிளம்பும். எங்கும் கிளம்பவில்லை. பம்பு புதிது, ஒழுங்காக ஓடியது. காரைத் தூக்கி நிறுத்திவிட்டு வெளியே வெயிலில் விட்டேன். அன்று முழுக்க நின்றது. மறுநாளும் நின்றது. டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் விட்டுவிட்டது என்று அண்ணன் கிண்டல் செய்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோளாறு இல்லாத காரைத் திருப்பிக் கொடுப்பது மாதிரி ஆபத்தான காரியம் எங்கள் தொழிலில் கிடையாது. அது நடுவழியில்தான் தன் வேலையைக் காட்டும்.

அதற்கடுத்த நாள் பிற்பகலில் மழை பிடித்தது. ஐப்பசி மழை, கூரைத் தகரத்தில் கொட்டு அடிப்பது மாதிரி. பூட்டி நிறுத்தியிருந்த காரில் வைப்பர் தானாக ஒரு தடவை ஆடி நின்றது. உள்விளக்கு எரிந்தது, அணைந்தது. பிறகு என் கண்ணெதிரிலேயே இடது பின்மூலை பெருமூச்சு விட்டுக்கொண்டு இறங்கியது. நான் மழையில் நனைந்துகொண்டே ஓடினேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். நோய் வெளிப்பட்டால் சந்தோஷப்படுகிற தொழில் இது.

கருவியை மாட்டினேன். அதன் திரையில் கோளாறுகள் வரிசையாக வந்து விழுந்தன. கூட்டுக்குடும்பச் சண்டையில் விசாரிக்கப் போன மாதிரி, கதவுப்பெட்டி பம்புப்பெட்டியைக் குறை சொன்னது, பம்புப்பெட்டி விளக்குப்பெட்டியைக் குறை சொன்னது. இந்த மாதிரி நேரத்தில் எவன் பேச்சையும் கேட்கக்கூடாது. கருவியை ஓரமாக வைத்துவிட்டு, ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையின் கீழே கால்விரிப்பில் கையை வைத்தேன். மேலே உலர்ந்திருந்தது. விரிப்பைத் தூக்கிக் கீழே உள்ள பஞ்சை அழுத்தினால் தண்ணீர் ஊறி வந்தது. அந்தப் பஞ்சுக்கு அடியில்தான் காற்றுக்கு உத்தரவு போடுகிற மின்பெட்டி இருக்கிறது. கழற்றிப் பார்த்தேன். இணைப்பு ஊசிகளில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. நனைகிறபோதெல்லாம் பெட்டி தானாக வால்வைத் திறந்து, நல்ல பையிலிருந்து நல்ல காற்றை வெளியே விட்டிருக்கிறது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அதற்குள் ஒரு பம்பும் ஒரு பையும் குப்பைக்குப் போய்விட்டன.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கதவு ரப்பர் நன்றாக இருந்தது. ஏர்கான் குழாயும் அடைக்கவில்லை. முன் கண்ணாடியின் மேல் குழாய்த் தண்ணீரைப் பிடித்துப் பார்த்தேன். வைப்பர்களுக்குக் கீழே விழுகிற மழைநீர் ஒரு தொட்டியில் சேர்ந்து, ஒரு துளை வழியாகச் சக்கரத்துக்குப் பின்னால் வடிய வேண்டும். ஒரு சொட்டுகூட வடியவில்லை. வைப்பர்களைக் கழற்றி, பிளாஸ்டிக் மூடியைத் தூக்கினேன். தைப்பூசத்துக்கு மறுநாள் தெருவோரக் குப்பையிலிருந்து வருமே, அந்த நாற்றம் முகத்தில் அடித்தது.

தொட்டி முழுக்கப் பூ. அடியில் உள்ளது அழுகிக் கறுத்துச் சேறாகியிருந்தது. அதன் மேல் பழுப்பு, அதற்கும் மேல் இன்னும் மஞ்சள் மாறாத செவ்வந்தி இதழ்கள். மாலை கட்டிய நூல் துண்டுகள், எலுமிச்சைத் தோல். கையால் வாரி வாரி ஒரு தட்டில் போட்டேன். துளையின் வாயை அந்தச் சேறு களிமண் மாதிரி அடைத்திருந்தது; வடிய வழியில்லாத தண்ணீர் நிரம்பிக் காருக்குள் வழிந்திருக்கிறது. காரின் முன்னால் வந்து பார்த்தேன். முன்மூடியின் நுனியில் இருக்கும் சின்னத்தைச் சுற்றி ஒரு வாடிய மாலை தொங்கியது. வந்த நாளிலிருந்தே அது அங்கே இருந்தது. நம்மாட்கள் காரில் மாலை இருப்பது கதவில் கைப்பிடி இருப்பது மாதிரி, கண்ணில் படாது. வண்டி ஓடுகிறபோது காற்று இதழ்களைப் பிய்த்துக் கண்ணாடிக்குக் கீழே உள்ள இடுக்கில் தள்ளியிருக்கிறது. வாராவாரம்.

முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆயுத பூஜைக்கு ரிவர்ஸ் கேமராவின் மேல் சந்தனத்தை அப்பிவிட்டு, திரை இருட்டாகிவிட்டது என்று வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த வகைச் சிரிப்பு. பிறகு அந்த மாலை யாருக்காகப் போட்டது என்று உறைத்தது. சிரிப்பு நின்றுவிட்டது. புருஷன் வலியில்லாமல் போவதற்கு இருக்கிற ஒரே காரை, புருஷனுக்காகப் போட்ட பூ கெடுத்திருக்கிறது. இதைப் போய் யாரிடம் சொல்வது?

அண்ணன் தட்டைப் பார்த்தார். பூ என்று சொல்லாதே, மழைத் தண்ணீர் புகுந்துவிட்டது என்று மட்டும் சொல் என்றார். அது பொய்யும் இல்லையாம்.

"அந்தம்மாவுக்குப் பிடிச்சுக்க இப்ப அது ஒண்ணுதான் இருக்கு. அதையும் பிடுங்காத லா."

"நாளைக்குப் பாலத்து நடுவுல காடி படுத்துச்சுன்னா, பூவையா பிடிச்சுக்குவாங்க?" என்றேன்.

 எனக்கு அந்த வாக்குவாதத்தில் ஜெயித்த மாதிரி இல்லை. ஆனால் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பது நிச்சயமாகத் தெரிந்தது. நான் துளையைச் சுத்தம் செய்து, பெட்டியை உலர்த்தி, களிம்பைச் சுரண்டி, அரித்துப்போன கம்பிகளை வெட்டி ஒட்டுப்போட்டிருந்தேன். அது புதுப்பெட்டி இல்லை. இன்னொரு தடவை நனைந்தால் செத்துவிடும். புதிய பெட்டி வெளிநாட்டிலிருந்து வர எத்தனை வாரம் ஆகுமோ தெரியாது. பின்னிருக்கையில் படுத்து வருகிற மனிதருக்கு அத்தனை வாரங்கள் இருக்கின்றனவா என்பதும் தெரியாது.

திங்கட்கிழமை அக்கா காரை எடுக்க வந்தார். தட்டை அவருக்கு முன்னால் வைத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். முடிந்தவரை மெதுவாகத்தான் சொன்னேன், எனக்கு அது பழக்கமில்லாத காரியம். அவர் கோபப்படவில்லை, அழவும் இல்லை. வெள்ளிக்கிழமை தோறும் வீட்டுப் பக்கத்து முனீஸ்வரன் கோயிலில் மாலை வாங்கிக் காருக்குப் போடுவதாகச் சொன்னார். விளக்கு தானாக எரிவதும் வைப்பர் ஆடுவதுமாகக் கார் கோளாறு காட்டத் தொடங்கியபோது, ஏதோ சரியில்லை என்று பெரிய மாலையாகப் போட்டாராம். அதைக் கேட்டபோது எனக்கு யார் மேல் என்று தெரியாத ஆத்திரம் வந்தது.

அவ்வப்போது சுத்தம் செய்துகொண்டே இருந்தால் ஆகாதா என்று கேட்டார். ஒட்டுப்போட்ட பெட்டியைப் பற்றிச் சொன்னேன். துளை மறுபடி அடைத்தால் ஒரு மழைக்குக் கூடத் தாங்காது என்றேன். பூவைக் காருக்குள்ளே வையுங்கள், முன்பலகையில் பிள்ளையார் இருக்கிறார், அவருக்குப் போடுங்கள் என்று நானே ஒரு வழியும் சொன்னேன்.

"உள்ள ஆகாதும்மா," என்றார். அதற்கு மேல் விளக்கவில்லை. தட்டைப் பார்த்தபடி ரொம்ப நேரம் நின்றார். நான் அவர் வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன், அல்லது போன பம்பையும் பையையும் நினைத்து வருந்துகிறார் என்று. பிறகு நிமிர்ந்து, "இனிமே போடல," என்றார். காரின் முன்னால் போய் வாடிய மாலையை அவிழ்த்தார். அதை எங்கே போடுவது என்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, துணிப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

மறுநாள் செவ்வாய். என் வேலையின் மேல் எனக்கே முழு நம்பிக்கை இல்லாததால், விடியற்காலையில் பாலத்தைக் கடந்து செபராங் ஜெயாவில் அவர்கள் வீட்டுக்குப் போய், கூடவே வருகிறேன் என்றேன். அவரை இரண்டு பேர் போர்வையோடு தூக்கிக்கொண்டு வந்து பின்னிருக்கையில் கிடத்தினார்கள். நல்ல உயரமான மனிதர், எலும்பும் தோலுமாக இருந்தார். என்னைப் பார்த்து, "நீங்கதான் ஒயரிங் தங்கச்சியா?" என்றார். எழுந்து உட்கார முடியாததற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் கருவியை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தேன்.

பாலத்தில் ஏறியதும் தூறல் தொடங்கியது. நான் நான்கு மூலைகளின் உயரத்தையும் திரையில் பார்த்துக்கொண்டே வந்தேன். இணைப்புகள் வந்தன, போயின. எண்கள் லேசாக ஆடி, தம் இடத்துக்கே திரும்பின. அக்கா கண்ணாடியில் பின்னிருக்கையைப் பார்ப்பதும் சாலையைப் பார்ப்பதுமாக ஓட்டினார்.  பாதிப் பாலத்தில் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. நான் பதறித் திரும்பினேன். குறட்டை. அவர் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். தூங்கியே வெகு நாளாயிற்று என்று அக்கா கிசுகிசுத்தார். ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திய பிறகும் அவரை எழுப்ப மனசில்லாமல் நாங்கள் இரண்டு பேரும் காருக்குள் பேசாமல் உட்கார்ந்திருந்தோம்.

அந்த மழைக்காலம் முழுக்கக் கார் ஒரு தடவைகூடப் படுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை மழை பெய்தால் நானே போன் போட்டு விசாரிப்பேன். நல்லா ஓடுது, நல்லா வந்தாரு என்று அக்கா சொல்வார். அவர் எப்படி இருக்கிறார் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும் அவர். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை நான் போன் போட்டபோது வேறு யாரோ எடுத்து, இரண்டு நாளைக்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது என்றார்கள்.

கருமாதியெல்லாம் முடிந்து, அக்கா காரை ஓட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். நெற்றியில் திருநீறு இல்லை. காரை வாங்க ஒருவர் வருகிறார், அதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துக் கொடுத்துவிடுங்கள் என்றார். அண்ணன் அவருக்கு நாற்காலி போட்டு, தேத்தண்ணீர் வாங்கி வரப் போனார். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்பதற்காக, கடைசிவரை வலியில்லாமல் போய் வந்தாரே, அதுவே பெரிது என்றேன். துக்க வீட்டில் எல்லோரும் சொல்கிற மாதிரிதான் சொன்னேன்.

அவர் காரின் முன்னால் மாலை தொங்கிய இடத்தைக் காட்டினார்.

"அது நேர்த்திக்கடன் தங்கச்சி. அவரு எழுந்து வந்து மறுபடி இந்தக் காடிய ஓட்டுற வரைக்கும், வெள்ளிக்கு வெள்ளி இதுக்கு முன்னால மாலை போடுறேன், அடுத்த வெள்ளி வரைக்கும் எறக்க மாட்டேன்னு முனீஸ்வரன்கிட்ட சொல்லியிருந்தேன். ஒரு வெள்ளியும் விட மாட்டேன், அவரு உசுர மட்டும் குடுன்னு. அதான் உள்ள ஆகாதுன்னு சொன்னேன். அன்னிக்கு நீங்க அந்தத் தட்ட வெச்சதும் யோசிச்சேன். பூ போட்டா உசுரு. பூ போடலைன்னா வலி இல்ல. ரெண்டும் கெடைக்காதுன்னு தெரிஞ்சுபோச்சு."

கணவரிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். பிள்ளைகளிடமும் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை.

பூவுக்கும் உயிருக்கும் சம்பந்தம் இல்லை அக்கா, அந்த நோய்க்கு யார் என்ன செய்தாலும் இதுதான் முடிவு என்று சொல்ல வாயெடுத்தேன். டாக்டர் அதை அவருக்கு என்னைவிட நன்றாகச் சொல்லியிருப்பார். அவர் தட்டைப் பார்த்தபடி நின்ற அந்த நேரத்தில் செய்த முடிவை அந்தப் பேச்சு தொடாது.  எழுந்து போய்க் கருவியை மாட்டினேன். பெட்டி, பம்பு, வால்வுகள், நான்கு பைகள், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தேவைக்கு மேலேயே நேரம் எடுத்துக்கொண்டேன். விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன், பஞ்சு காய்ந்து மொடமொடவென்று இருந்தது.

திரும்பி வந்து சாவியை அவர் கையில் கொடுத்தேன்.

"காடியில ஒரு கோளாறும் இல்லக்கா."

"தெரியும்மா," என்றார். "அதுக்குத்தானே பூவ விட்டேன்."